இடது பக்கத்து நாற்காலி

என் புருஷனுக்கு இடது காது கேட்காது. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் முழுக்க இதை ஒருவரிடமும் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது போதும்.

இரண்டாம் உலகப் போரில், பிரான்ஸில் அவன் பக்கத்திலிருந்த பீரங்கி வெடித்தது. ஆள் பிழைத்தான், காது போயிற்று. வலது காதிலும் பாதிதான் மிச்சம்; நாலு பேர் சேர்ந்து பேசினால் அதுவும் கையை விரித்துவிடும். ராணுவ டாக்டரிடம் என்ன பொய் சொன்னானோ, காகிதத்தில் எமில் ஹுடாக் முழு ஆரோக்கியம். போர் முடிந்து வந்தவர்களை அரசாங்கமே படிக்க வைத்தது. பாதியில் விட்ட படிப்பை முடிக்க ஒஹையோவில் ஆல்டர்டன் காலேஜுக்குத் திரும்பினோம். அவன் படிப்புக்காகத் திரும்பினான் என்று யாரும் தப்பாக நினைக்கவேண்டாம். ஃபுட்பாலுக்காகத்தான் திரும்பினான்.

எமிலின் ஊர் பென்சில்வேனியாவில் ஒரு சுரங்க ஊர். அப்பாவும் அண்ணன்களும் நிலக்கரி வெட்டுகிறவர்கள். அந்த ஊர் ஹைஸ்கூலில் கோச் வேலை காலியாக இருந்தது. ஸ்கூலை நடத்துகிற மிஸ்டர் ஸ்டௌஃபர், "நல்லா ஒரு சீசன் ஆடு, உங்க கோச் ஒரு வார்த்தை சொல்லட்டும், வேலை உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். இல்லையென்றால் சுரங்கம். காது கேட்காதவனை எவன் கோச்சாக எடுப்பான்? ஆகவே காது விஷயம் வெளியே வரக்கூடாது. எங்கள் வாழ்க்கை அந்த ஒற்றை நூலில் தொங்கியது.

எங்கள் அமெரிக்க ஃபுட்பாலில் காலுக்கு வேலை குறைவு. முட்டை மாதிரிப் பந்தை இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான். அவனுக்கு வழி திறந்துவிட முன்வரிசையில் ஏழு தடியன்கள் குனிந்து நிற்பார்கள். பின்னாலிருந்து ஒருவன் எண்களைக் கத்துவான். பேசிவைத்த எண் வந்ததும் ஏழு பேரும் ஒன்றாகப் பாயவேண்டும். முந்தினால் அபராதம். பிந்தினால் எதிராளி நெஞ்சில் ஏறி மிதிப்பான். எமில் வரிசையின் வலது பக்கம். எண் கத்துகிறவன் குரல் வருவதோ அவனுடைய இடது பக்கத்திலிருந்து. விதி அப்படித்தான் கொண்டுபோய் நிறுத்தும்.

ஆகஸ்ட் பயிற்சியில் தினமும் பிந்தினான். "ஹுடாக், உனக்கு மட்டும் தந்தி அடிக்கணுமாடா?" என்று கோச் வார்ட்லா கத்துவார். எமிலுக்கு இடது பக்கம் நின்றவன் லெமுவேல் கேட்ஸ். அணியில் ஒரே கறுப்பன். அவனும் போருக்குப் போய் வந்தவன்தான். அதனால்தானோ என்னவோ, இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டான். குளிக்கிற இடத்தில் எமிலிடம் கேட்டிருக்கிறான்.

"எந்தக் காதுப்பா?"

"என்னது, எந்தக் காது?"

"இப்ப பதில் சொல்லுச்சே, அது இல்ல. மத்தது."

அதற்கப்புறம் லெமுவேல் குனிந்து நிற்கும்போது வலது கையைச் சும்மா விட்டுவைப்பான். எண் வந்ததும் புறங்கையால் எமிலின் முழங்காலில் ஒரு தட்டு. எமில் பாய்ந்துவிடுவான். அவன் பிந்தியது அதோடு நின்றது. செப்டம்பர் முடிவதற்குள் கோச், "ஹுடாக் மாதிரி கிளம்புங்கடா" என்று மற்றவர்களைத் திட்ட ஆரம்பித்தார். விஷயம் தெரிந்தது நாலு பேருக்கு: எமில், நான், லெமுவேல், அவன் மனைவி ஒடெஸா.

கல்யாணமானவர்களுக்கு ராணுவம் கழித்துப்போட்ட தகர டிரெய்லர்களைக் கொடுத்திருந்தார்கள். லெமுவேலுக்குக் கடைசி டிரெய்லர், குழாயடிக்குப் பக்கத்தில், சேறு மிதிபடுகிற இடத்தில். எங்களுக்கு அதற்கு முந்தியது. எனக்கும் ஒடெஸாவுக்கும் துணி உலர்த்த ஒரே கொடி. அவள் வாய்க்கு நான் அடிமை.

"உன் புருஷன் சட்டைய அந்தக் கோடியில போடுடி வெரோனா. அதை விரிச்சா என் வீட்டுல விளக்கு ஏத்த வேண்டியிருக்கு."

"உன் புருஷன் காலுறைய முதல்ல எடு. காக்கா கூட இந்தப் பக்கம் வரமாட்டேங்குது."

இப்படித்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். எங்கள் ஊரில் நான் கறுப்பர் வீட்டு வாசலில்கூட நின்றதில்லை. ஒடெஸாவின் அடுப்பில் என் ரொட்டி வெந்தது.

அக்டோபரில் தெற்கிலிருந்து ஒரு அணி வரவேண்டியிருந்தது. லெமுவேல் என்ற கறுப்பன் ஆடினால் வரமாட்டோம் என்று சொல்லியனுப்பினார்கள். கோச் கூட்டம் போட்டார். அவருக்கு இரண்டு பிடிவாதம். மைதானத்தில் எந்த வரிசையோ அதே வரிசையில்தான் சாப்பாட்டு மேஜையிலும் பஸ்ஸிலும் கூட்டத்திலும் உட்காரவேண்டும். ஏதாவது முடிவு செய்வதென்றால் எழுந்து நிற்கவேண்டும். "கை தூக்குறது சின்னப் பசங்க வேலை. ஆம்பளைன்னா எந்திரிச்சு நில்லு" என்பார்.

அன்றைக்கு அவர் அறையின் இடது மூலையில் நின்று முணுமுணுத்தார். "லெமுவேல் இல்லாம ஆடமாட்டேன்னு சொல்றவன் எந்திரி" என்றது எமிலுக்குக் கேட்கவே இல்லை. லெமுவேல் பழக்கதோஷத்தில் முழங்காலில் தட்டிவிட்டான். எமில் பாய்ந்து எழுந்து நின்றான், முதல் ஆளாக! அவனைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து அடுத்தவன், கடைசியில் மொத்த அணியும். தெற்கத்திக்காரர்கள் வரவில்லை, எங்களுக்கு ஆடாமலே வெற்றி. ஊர்ப் பத்திரிகை எமிலின் படத்தைப் போட்டு, முதலில் எழுந்தவன் என்று எழுதியது. டிரெய்லரில் நாங்கள் நாலு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"வெள்ளைக்காரனை எனக்காக எந்திரிக்க வெக்கறது இவ்வளவு சுலபமா? லேசா ஒரு தட்டு போதும்னு தெரியாம போச்சே!" என்றான் லெமுவேல்.

எமில் வெட்கப்பட்டுச் சொன்னான், "கேட்டிருந்தா தானாவே எந்திரிச்சிருப்பேன்ப்பா."

"தெரியும்ப்பா" என்றான் லெமுவேல். அவன் அதை நம்பித்தான் சொன்னான். நானும் நம்பினேன்.

அந்த சீசனில் நாங்கள் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. டிசம்பரில், புத்தாண்டு அன்று தெற்கே நடக்கிற பெரிய பந்தயத்துக்கு அழைப்பு வந்தது. ஆரஞ்சுத் தோப்பு, கடற்கரை, ஹோட்டல், ஆளுக்கொரு கைக்கடிகாரம். ரேடியோவில் நாடே கேட்கும். ஒரே ஒரு நிபந்தனை. என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை.

கோச் மறுபடி கூட்டம் போட்டார். லெமுவேலும் வரிசையில் அவன் இடத்திலேயே உட்காரவேண்டும் என்றாராம், குடும்பத்தில் ஒளிவுமறைவு கூடாதாம். என்ன குடும்பமோ!

எமில் வீட்டுக்கு வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"என்னாச்சு?"

"போறோம்."

"லெமுவேல்?"

அவன் தொப்பியைக் கழற்றினான்.

"யாருமே எந்திரிக்கலையா?"

"யாரும் எந்திரிக்கல."

"நீ?"

"எனக்குக் கேக்கல வெரோனா. கோச் என்ன கேட்டார்னே தெரியல. லெமுவேல் தட்டுவான்னு பாத்துட்டே இருந்தேன். அவன் தட்டல. தட்டியிருந்தா எந்திரிச்சிருப்பேன், சத்தியமா."

கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொல்வதில் என்ன, பெரிய நிம்மதி. மற்றவர்கள் எப்படியோ போகட்டும், என் புருஷன் கோழை இல்லை, செவிடன்தான்! இதை ஒடெஸாவிடம் சொல்லிவிடவேண்டும் என்று தலைத்துணி காற்றில் பறக்க ஓடினேன். அவள் கொடியிலிருந்து விறைத்துப்போன துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் துணியைத் தனியாக மடித்து என் கூடையில் வைத்திருந்தாள்.

"ஒடெஸா, அவனுக்குக் கேக்கலடி. கேள்வியே காதுல விழலையாம்."

"அப்படியா, மிசஸ் ஹுடாக்?"

மிசஸ் ஹுடாக்! நாலு மாதமாக என்னை 'அடி' என்று கூப்பிட்டவள்.

"லெமுவேல் தட்டலையாமே" என்று இழுத்தேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பேச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒடெஸா ஒரு துண்டை உதறி மடித்தாள். "தட்டலைதான். கைய மடியிலயே வெச்சிருந்தாராம். மத்தவங்க யாரும் எந்திரிக்க மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும். இந்த ஒருத்தனாவது தானா எந்திரிக்கிறானான்னு பாக்கணும்னு தோணிச்சாம். பாத்துட்டார். உங்க கூடைய எடுத்துக்குங்க."

"அவனுக்குக் கேக்கலன்னு சொல்றேனே!"

"கேக்கலன்னா கேக்கலதான். காது அவருது, நமக்கென்ன தெரியும்?" என்று உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் எமில் வேறு ஒன்று ஆரம்பித்தான். லெமுவேல் இடத்தில் இனி டெட் பிங்க்லி என்ற பொடியன் ஆடப்போகிறான். தட்டுகிற வித்தையை லெமுவேல் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் நன்றாயிருக்குமாம். நான் போய் ஒடெஸாவிடம் கேட்கவேண்டுமாம். "வெக்கமா இல்லையா உனக்கு?" என்றேன். அவனே போனான். லெமுவேல் கதவைத் திறக்கவில்லை. வலைக்கதவுக்குப் பின்னாலிருந்து, "கோச்சைப் போய் கேளுப்பா. அவருக்குத்தான் கேள்வி கேக்க நல்லா வரும்" என்றானாம். திரும்பி வந்த எமில், "என்ன திமிர் பாத்தியா?" என்றான். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எமிலின் ஊருக்குப் போனோம். அன்றைக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய எங்கள் ஸ்லோவாக் வீடுகளில் மாமிசம் கிடையாது. மாமியார் எங்கள் நெற்றியில் தேனால் சிலுவை போட்டு, தேன் தடவிய அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தாள். காளான் சூப் வந்தது. ஆண்கள் விஸ்கியில் இறங்கினார்கள். அண்ணன்மாருக்கு எமில் பெரிய ஆள். அந்தக் கூட்டத்தில் என்ன நடந்தது, சொல்லு சொல்லு என்று பிடித்துக்கொண்டார்கள்.

எமில் எழுந்து கோச் மாதிரி நடித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கோச்சின் மூக்குப் பேச்சு அப்படியே வந்தது. "'பசங்களா, அந்த ஊர் வழக்கம் அது, நம்ம வழக்கம் இல்ல. ஆனா விருந்துக்குப் போற வீட்டுல நாம சட்டம் பேச முடியுமா? லெமுவேல் இல்லாம போகமாட்டேன்னு சொல்றவன் இருந்தா எந்திரிங்க. அஞ்சு வரைக்கும் எண்ணுவேன். ஒண்ணு. ரெண்டு. மூணு...'" இங்கே எமில் நிறுத்தி, கோச் போலவே தொண்டையைக் கனைத்தான். "'...நாலு. அஞ்சு. சரி. எல்லாரும் துண்டு, நீச்சல் உடுப்பு எடுத்துக்குங்க'ன்னார் பாரு!"

அண்ணன்மார் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். கோச் சொன்னதெல்லாம் எழுத்துப் பிசகாமல் வந்தது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் வந்த கனைப்புகூடக் கேட்டிருக்கிறது என் செவிட்டுப் புருஷனுக்கு.

தேன் அவ்வளவு கசக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பொய் சொன்னானே என்பதுகூட இல்லை. அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு என்னை ஒடெஸாவின் வாசலுக்கு ஓட வைத்தானே, அதைத்தான் என்னால் பொறுக்கமுடியவில்லை. ஆனால் அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், தட்டு காலியாகும்வரை மறைத்துவிட்டதாகத்தான் நினைப்பான்.

புத்தாண்டு அன்று மனைவிமார் டிரெய்லர்களிலேயே ரேடியோ கேட்டோம். பாதி ஆட்டத்தில் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனேன். அந்தக் குளிரில் லெமுவேல் படியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர், "குனிந்துவிட்டார்கள்... இதோ!" என்று கத்தும்போதெல்லாம் லெமுவேலின் வலது புறங்கை அவன் முழங்காலிலேயே ஒரு தட்டுத் தட்டியது. அவனுக்கே தெரியாமல் தட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைப் பையில் போட்டுக்கொண்டான். நான் வாளியைப் பாதியில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன், அழுகை வந்துவிட்டது.

தோற்பார்கள் என்று நினைத்தீர்களா? ஜெயித்தார்கள். எமில் ஒவ்வொரு முறையும் அரை அடி பிந்தினானாம். பந்தை மற்ற பக்கமாகக் கொண்டுபோய் ஜெயித்துவிட்டார்கள். வெயிலில் சிவந்து, கையில் கடிகாரம் கட்டி வந்து இறங்கினார்கள். கோச் லெமுவேலுக்காக ஒரு பெட்டி ஆரஞ்சு கொண்டுவந்தார். ஒடெஸா அதைத் திறக்காமல் குழாயடியில் வைத்தாள். பனியில் பழங்கள் கல்லாகிப் போயின.

ஜனவரி முடிவதற்குள் அவர்கள் டெட்ராயிட்டுக்குப் போய்விட்டார்கள், கார் தொழிற்சாலை வேலைக்கு. படிப்பு முடிய நாலு மாதம் பாக்கி இருந்தது. என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. துணிக்கொடி ஒடெஸாவுடையது, அதை அவிழ்த்துக்கொண்டு போயிருந்தாள். லெமுவேல் நினைத்திருந்தால் போகிற போக்கில் காது விஷயத்தைக் கோச்சிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லவில்லை. அதை எமில் தன் அதிர்ஷ்டம் என்றான்.

பிப்ரவரியில் வெற்றி விருந்து. ஊர்ப் பெரிய மனிதர்கள், பேண்டு, வறுத்த மாட்டிறைச்சி. மேடை மேஜையில் கோச்சுக்குப் பக்கத்தில் மிஸ்டர் ஸ்டௌஃபர். எமிலை நேரில் பார்த்துச் சரி என்று சொல்லத்தான் வந்திருந்தார். வழக்கப்படி அணி வரிசையில் உட்கார்ந்தது. எமிலின் இடது பக்கத்து நாற்காலி காலி. பார்க்க நன்றாயில்லை என்று கோச் என்னை அழைத்து அதில் உட்காரச் சொன்னார். எமிலுக்கு ஒரே சந்தோஷம். என் காதில், "ஏதாவது கூப்பிட்டா முழங்கால்ல தட்டு, என்ன?" என்றான்.

நான் லெமுவேலின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

தட்டுகள் கலகலத்தன, ஆளாளுக்குப் பேச்சு. கோச் எங்களுக்கு இடது பக்கம், மேடையில் எழுந்தார். "இந்த வருஷம் ஒரு புதுப் பரிசு. தோழனுக்குத் தோள் கொடுத்தவனுக்கு. அக்டோபர்ல, ஒரு தோழனுக்கு ஆபத்து வந்தப்ப, இந்த அணியில முதல் ஆளா எந்திரிச்சு நின்னவனுக்கு. எமில் ஹுடாக்!"

அந்தத் தோழன் டெட்ராயிட்டில் கார்க் கதவுக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தான்.

எல்லோரும் கைதட்டினார்கள். எமிலும் கைதட்டினான். பல்லெல்லாம் தெரிய, பலமாக, பரிசு வாங்கப்போகிறவன் யார் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டே தட்டினான். என் கை மடியில் இருந்தது. அவன் முழங்கால் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வேலை தெரிந்தது, எங்கள் வீடு தெரிந்தது, சுரங்க வாசலும் தெரிந்தது. அது அவன் சாப்பாடு மட்டுமில்லை, என் சாப்பாடும்தான். கை அசையவில்லை.

யாரோ சிரித்தார்கள். வேடிக்கை பண்ணுகிறான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பேர் சிரித்தார்கள். கோச் மறுபடி கூப்பிட்டார். எமில் மறுபடி கைதட்டினான். மெல்லச் சிரிப்பு அடங்கிற்று. மிஸ்டர் ஸ்டௌஃபர் எழுந்து, மேஜைகளைச் சுற்றிக்கொண்டு வந்து, எனக்கும் எமிலுக்கும் நடுவில் குனிந்து, அவன் இடது காதருகே மரியாதையாக ஏதோ கேட்டார். எமில் மேடையைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தான். அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் பெருமூச்சு விட்டு, எமிலின் தோளைத் தொட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

திரும்பும்போது பனி கொட்டியது. கோச் மேஜைக்கே கொண்டுவந்து கொடுத்த பரிசுக் கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு எமில் நடந்தான். குழாயடியில் நின்று என் பக்கம் திரும்பினான், அழுதிருந்தான்.

"ஏன்டி தட்டல? பக்கத்துலதானே இருந்த?"

அவனுடைய வலது பக்கம் போய் நின்றுகொண்டு, அவனுக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னேன்.

"நீயா எந்திரிக்கிறியான்னு பாத்தேன்."